பெற்றோர் உதவலாம்

சித்த அந்தப் பக்கம் நகருங்க. எனக்கு எடம் போதுமுங்க, இந்த அட்டைக்குத்தான் பத்தல. மடங்கிருச்சுன்னா போச்சு. ஜன்னல் பக்கம் வெச்சா காத்துல படபடன்னு அடிச்சுக்குது, மடியில வெச்சா வர்றவங்க போறவங்க பையெல்லாம் இடிக்குது. காங்கேயத்துல ஏறுனதுலருந்து ரெண்டு கையிலயும் ஏந்திட்டே வர்றேன். டிக்கெட்டுக்குக்கூட கண்டக்டரையே என்ற சட்டைப் பையில கைய விட்டு எடுத்துக்கச் சொல்லிட்டேன். ஒரு மாதிரியா பாத்தாரு. பாத்தாப் பாக்கட்டும்.

சர்டிபிகேட்டுங்க. முதல் பரிசு. திருப்பூருக்குப் பிரேம் போடக் கொண்டு போறேன். நம்மூர்லயும் பிரேம் கடை இருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா அவன் மூலைக்கு மூலை சந்து விடறான். கதவு நிலையில அப்படிச் சந்து விட்டா அந்த ஆசாரிய நான் அன்னைக்கே டீ வாங்கிக் குடுத்து ஊட்டுக்கு அனுப்பிருவேன்.

புள்ளைக்கான்னு கேக்கறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. பேரைப் படிங்க. வ. நாட்ராயன். நாந்தானுங்க அது. அதுக்கு மேல படிங்க. மூன்றாம் வகுப்பு, பி பிரிவு. சிரிப்பு வந்தாச் சிரிச்சுக்கங்க, அடக்கறது ஒடம்புக்கு ஆகாது. திருப்பூர் போய்ச் சேர இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது, சொல்றேன்.

பில்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யறேனுங்க. இருவது வருசம். காங்கேயத்துல நான் கட்டுன ஊடு எதுலயாச்சும் தண்ணி ஒழுகுதுன்னு ஒருத்தன் சொல்லட்டும், மீசைய எடுத்துக்கறேன். கல்யாணம் லேட்டு. நம்ம பக்கம் பொண்ணு கெடைக்கறது எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஒரே மக. தன்ஷிகா. இந்த ஜூன்ல மூணாங்கிளாஸ் போயிருக்கறா.

போன ஏப்ரல்ல, பரிட்சை முடிஞ்ச அன்னைக்கு, அவ கையில ஒரு தாளக் குடுத்து உட்டாங்க. தலைப்பு என்ன தெரியுமுங்களா? 'ஜாலியான கோடை: குழந்தைகளுக்கான பத்து வேலைகள்.' பத்து மாசம் புள்ளைய அவங்க பாத்துக்கறாங்க, அதுக்குப் பேரு படிப்பு. ரெண்டு மாசம் நம்ம பாத்துக்கணும், அதுக்குப் பேரு ஜாலி. நல்ல ஏற்பாடு.

அந்தப் பத்தும் என்னென்னன்னு கேளுங்க. பறவைகளுக்கு மதில் மேல தண்ணி வெக்கணும். தேங்காத் தொட்டியில வெதை போட்டு மொளைக்க வெக்கணும். அடுப்புப் பத்த வெக்காம ஏதாச்சும் சமைக்கணும். இலை பொறுக்கி நோட்டுல ஒட்டணும். பழைய பேப்பர்ல பை செய்யணும். ஊட்ல ஒருத்தர் செய்யற வேலைய அவங்ககிட்டயே கத்துக்கணும். ஏதாச்சும் ஒரு உயிரப் பத்து நாளைக்குக் கவனிச்சு எழுதணும். மிச்சம் மூணு மறந்து போச்சு, அதுவும் இப்படித்தான், மெனக்கெட்ட வேலை. கடேசில ஒரு வரி. 'பெற்றோர் உதவலாம்.' அதுக்கப்பறமும் என்னமோ எழுதியிருந்துச்சு. அது மடிப்புல போயிருச்சு, படிக்க வரல.

உதவலாம்னு எழுதுனாங்க பாருங்க, அதுதான் அவங்க செஞ்ச தப்பு. நாங்க உதவின்னு போனா அஸ்திவாரத்துலருந்து ஆரம்பிக்கற ஆளுங்க.

ஆனா ஒண்ணு, எனக்கும் காரணம் இருக்குதுங்க. போன வருசம் இதே மாதிரி ஒரு தாள் குடுத்தாங்க. நான் மூணு சைட்ல மாட்டிட்டு அந்தப் பக்கமே பாக்கல. அவளா ஒரு காயிதக் கப்பல் செஞ்சு எடுத்துட்டுப் போயிருக்கா. ஒத்தைக் கப்பல். நான் ஜூன்ல போய்ப் பாக்கறேன், பெரிய மேசை, அதுல நட்ட நடுவுல அந்தக் கப்பல். பக்கத்து மேசையில பல் டாக்டரு மகன் எரிமலை வெச்சிருக்கறான். பொகை வருதுங்க. சிவப்பா கொழம்பு வழியுது. ஊரே அங்க நிக்குது. அந்தப் பையன் கையக் கட்டிட்டு ஓரமா நிக்கறான். டாக்டருதான் ஊத்தறாரு, டாக்டருதான் வெளக்கம் சொல்றாரு, டாக்டருதான் போட்டோவுக்கு நிக்கறாரு. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. புள்ளைய ஒரு வேலை செய்யவிடாம அப்பனே எல்லாத்தையும் பண்றதுன்னா, இது அநியாயமா இல்லியா? நீங்களே சொல்லுங்க.

முதல் பரிசு எரிமலைக்கு. என்ற மக கப்பலுக்கு ஒரு பென்சில். வர்ற வழியெல்லாம் அந்தப் பென்சில மோந்துட்டு சந்தோசமா வர்றா. வெவரம் பத்தாது, அவங்கம்மாவாட்ட.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அடுத்த வருசம் அந்த மேடையில நம்ம பேரக் கூப்பிடணும்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், உங்ககிட்ட என்ன மறைப்பு, எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. நானு மூணாங்கிளாஸ் பாதி வரைக்குந்தான். எங்கய்யன் சாரத்துலருந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சு படுத்துட்டாரு, நான் அடுத்த திங்கக்கெழமை மண்ணுச் சட்டி தூக்கப் போயிட்டேன். எழுதப் படிக்கறதெல்லாம் பொறகு பிளான் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா பள்ளிக்கூடத்துல எந்தப் பேரைக் கூப்பிட்டுக் கை தட்டுனாலும் எனக்குள்ள ஒண்ணு திரும்பிப் பாக்குது. எதுக்குன்னு தெரியல.

சரி, கதைக்கு வாறேன்.

மொதல் வேலை, பறவைக்குத் தண்ணி. தாள்ல என்ன போட்டிருக்கு? ஒரு மண்சட்டியில தண்ணி ஊத்தி மதில் மேல வெக்கணுமாம். அதுக்கு எதுக்குங்க ரெண்டு மாசம் லீவு? ரெண்டு நிமிச வேலை. தன்ஷிகா அடுக்களைலருந்து ஒரு ஓரம் ஒடஞ்ச சட்டியத் தூக்கிட்டு வந்துட்டா. நான் வாங்கிக் கீழ வெச்சேன். ஊருக்கே தண்ணித் தொட்டி கட்டறவன் ஊட்ல குருவி ஒடஞ்ச சட்டியிலயா தண்ணி குடிக்கணும்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?

கொல்லையில குழி எடுத்தேன். மூணடி நீளம், ரெண்டடி அகலம். ஆறு எம்எம் கம்பி கட்டுனேன். சின்ன ஜல்லி, ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு கலவை. ரசமட்டம் வெச்சுப் பாத்தேன், ஒரு நூல் எறக்கம் இல்ல. குருவி எறங்கிப் போறதுக்கு உள்ளுக்குள்ள மூணு படி. கைப்பிடி வெக்கலாமான்னு நெனச்சேன். ஊட்டுக்காரி கோகிலா ஜன்னல்லருந்து ஒரு பார்வை பாத்தா, விட்டுட்டேன். அவளுக்கு இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் புரியாது.

மக சும்மா இருக்கல. "அப்பா, நானும் கொஞ்சம் பூசட்டுங்களா? ஒரே ஒரு கரண்டி"ன்னு வந்து நிக்கறா. சிமெண்டுங்க, கையத் தின்னுரும். "தள்ளிப் போ அம்மணி, அப்பன் உனக்குத்தான பண்றேன்"னேன். போய் ஜல்லிக் குமி மேல ஒக்காந்துட்டா. கையில ஒரு நோட்டு. அந்த உயிரக் கவனிக்கற வேலை இருக்குது பாருங்க, அத எழுதறாளாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். நிமுந்து பாக்கறா, குனிஞ்சு எழுதறா. நான் நின்ன பக்கம் எறும்புப் புத்து ஒண்ணு இருக்குது, எறும்பப் பத்தி எழுதறாளாக்கும். எறும்பப் பத்தி எழுத என்ன இருக்குது? போகுது, வருது.

கட்டுனா மட்டும் ஆச்சா? தண்ணி நனைக்கணும். பதினாலு நாள் சாக்குப் போட்டு மூணு வேளை நனைச்சேன். அது வரைக்கும் உள்ள தண்ணி நிறுத்தக்கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டேன். "அப்பா, குருவிக்குத் தாகமா இருக்குமே"ங்கறா. பதினாலு நாள் பொறுத்துக்கச் சொல்லுன்னேன். வேலைல அவசரப்பட்டா வெடிப்பு உட்டுரும். இதக் குருவிக்கும் சொல்ல முடியல, புள்ளைக்கும் சொல்ல முடியல.

பதினஞ்சாம் நாள் தண்ணி ரொப்புனேன். மொதல்ல வந்தது ஒரு நாய். நான் கல்லெடுத்தேன். "நாயும் உயிருதானுங்கப்பா"ன்னா. அதுக்கப்பறம் நான் ஒரு நாள் பூரா நாற்காலி போட்டு ஒக்காந்து காவக் காத்தேன், ஒரு காக்கா வரல. இந்தக் காலத்துப் பறவைகளுக்கு நல்லது கெட்டது தெரியறதில்லீங்க.

வெதை போடற வேலைய மட்டும் அவகிட்ட உட்டேன். அவரைக் கொட்டை. உட்டேன்னா, முழுசா உட முடியுமா, சிமெண்டுத் தொட்டிய நனைக்கறப்ப இதுக்கும் சேத்து மூணு வேளை ஊத்துனேன். மொளைச்சது மொளைச்ச வாக்குல அழுகிப் போச்சு. புள்ள மூஞ்சி வாடிப் போச்சு. விடுவனா? அடுத்த நாள் விடியக்காலைல அவ எந்திரிக்கறதுக்குள்ள நர்சரிக்காரன் ஊட்டுக் கதவத் தட்டி ஒரு நாத்து வாங்கியாந்து அதே தேங்காத் தொட்டியில நட்டுட்டேன். நாலு இலை, ஜம்முன்னு. "பாத்தியா, அவரை எந்திரிச்சிருச்சு"ன்னேன். கை தட்டுனாளுங்க! கொஞ்சங்கூடச் சந்தேகம் வரல. கொழந்தைகள ஏமாத்தறது எவ்வளவு சுளுவு பாருங்க.

அடுப்பில்லாத சமையலுக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுக் குடுத்தா. குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

இலை ஒட்டறது, பேப்பர் பை இதெல்லாம் நான் கணக்குலயே சேக்கல. அதெல்லாம் பரிசு வர்ற வேலையா?

பள்ளிக்கூடம் தெறந்த ரெண்டாவது வாரம், எல்லாரும் செஞ்சதக் கொண்டாந்து வைங்கன்னு சொல்லிட்டாங்க. மத்த அப்பன்மாரெல்லாம் ஸ்கூட்டர்ல ஒரு அட்டையக் கட்டிட்டுப் போறாங்க. நான் குட்டியானை வண்டி புடிச்சேன். தொட்டியக் குழியிலருந்து பேத்துத் தூக்க நாலு ஆளு. பள்ளிக்கூடத்துல கண்காட்சி மாடியில வெச்சிருக்காங்களாம். வாட்ச்மேன் தொட்டியப் பாத்தாரு, படியப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. கடேசில சைக்கிள் நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல, வேப்ப மரத்தடியில எறக்குனோம்.

கிளாஸ் டீச்சர் ஜெசிந்தா மிஸ் எறங்கி வந்தாங்க. நல்ல மிஸ்ஸுங்க, ஆனா நிதானமா பேசுவாங்க, எதச் சொல்றாங்கன்னே புடிபடாது. தொட்டியச் சுத்தி ஒரு சுத்து வந்தாங்க. முன்பக்கம் நான் ஒயிட் சிமெண்டுல எழுத்து வெச்சிருந்தேன். அதப் படிச்சாங்க. 'உபயம்: வ. நாட்ராயன், கட்டட ஒப்பந்ததாரர்.' அதுக்குக் கீழ என்ற செல் நம்பர். கோயிலுக்கு லைட்டு போட்டாலும் பேரு எழுதறோம், பெஞ்சு போட்டாலும் எழுதறோம். எழுதி எழுதிப் பழக்கம்.

"சார், தன்ஷிகா பேரு எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க.

எனக்கு அப்பத்தான் தெரியுது. எழுதலீங்க. மார்க்கர் வாங்கி ஒரு ஓரத்துல எழுதிட்டேன். அது பெரிய விசயமா? தெரியாமயா போகும், என்ற மகதான.

அப்பறம் மிஸ் அவளக் கூப்பிட்டு, "நீ இத எப்படிச் செஞ்சேன்னு சொல்லு கண்ணு"ன்னாங்க. நான் பின்னாடி நின்னு ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலுன்னு வெரலக் காட்டறேன். அவ என்னப் பாத்தா, மிஸ்ஸப் பாத்தா. "எங்கப்பா கட்டுனாங்க மிஸ். நான் தள்ளி நின்னேன்"னுட்டா.

பட்டுன்னு போட்டு ஒடச்சுட்டா. அவ்வளவுதான், பரிசு போச்சுன்னு நெனச்சேன். அரிச்சந்திரனப் பெத்து வெச்சிருக்கறனேன்னு ஊட்டுக்கு வந்து கோகிலாகிட்டக் கத்துனேன். அவ, "பொய் சொல்ல நீங்க சொல்லிக் குடுக்கலையே, வேற எதையும்தான் சொல்லிக் குடுக்கல"ன்னா. அவ எப்பவும் இப்படித்தான் சம்பந்தமில்லாம ஏதாச்சும் சொல்லுவா.

முந்தா நாள் பரிசு குடுக்கறதுக்கு வரச் சொன்னாங்க. போக வேண்டாம்னுதான் இருந்தேன். மக கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. "நீங்க வந்தே ஆகணுங்கப்பா"ங்கறா. எனக்கு முன்னாடி வரிசையில பல் டாக்டரு. இந்த வருசம் அவரு ராக்கெட்டு. தொட்டா மேல போகுமாம். போச்சு, போயி மின்விசிறியில மாட்டிக்கிச்சு. நான் சிரிக்கலீங்க. மனசுக்குள்ள சிரிச்சா அது சிரிப்புல சேராது.

ஜெசிந்தா மிஸ் மைக்கப் புடிச்சாங்க. மூணாம் பரிசு யாருக்கோ. ரெண்டாம் பரிசு யாருக்கோ. அப்பறம் சித்த நேரம் கையில இருந்த காயிதத்தையே பாத்துட்டு நின்னாங்க. "முதல் பரிசு, மூன்றாம் வகுப்பு, பி பிரிவு, நாட்ராயன்"னாங்க.

புள்ளைங்க கொல்லுனு சிரிக்குது. கோகிலா தலையத் தொங்கப் போட்டுட்டா. டாக்டரு திரும்பி, "வாழ்த்துக்கள் தம்பி, நல்லாப் படி"ங்கறாரு. என்னைவிட ரெண்டு வயசு சின்னவரு. எனக்கு எதுவும் காதுல ஏறல. எந்திரிச்சுப் போனேன். மேடையில ஏறுனேன். கை கூப்புறதா, கை நீட்டறதான்னு தெரியல, ரெண்டையும் பண்ணுனேன். மிஸ் இந்த அட்டையக் குடுத்தாங்க. எங்கிருந்தோ ஒருத்தர் மட்டும் எந்திரிச்சு நின்னு கை தட்டற சத்தம். பாத்தா, என்ற மக. தனக்குக் கெடைக்கலையேன்னு துளி வருத்தமில்ல. கையெல்லாம் செவந்து போற அளவுக்குத் தட்டறா. சொன்னேனல்ல, வெவரம் பத்தாதுன்னு.

வர்ற வழியில கோகிலா மெதுவா ஆரம்பிச்சா. "ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. புள்ள செய்ய வேண்டியத நீங்க செஞ்சீங்கன்னு அவங்க உங்கள நக்கல் பண்ணியிருப்பாங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மூணு படி வெச்சு, ஒரு சொட்டு ஒழுகாம, ரசமட்டத்துல நிக்கற தொட்டிங்க அது. வேலை தெரிஞ்சவங்க பாத்தாங்க, குடுத்தாங்க. இதுல நக்கல் எங்கருந்து வந்துச்சு? என்ற பேரு, முழுசா, இனிஷியலோட. அச்சுல இல்லீங்க, மிஸ்ஸே கைப்பட எழுதுனது. பொறாமை, வேறென்ன. ஊட்ல ஒருத்தர் மேல போனா இன்னொருத்தருக்குப் பொறுக்காது.

இந்தாங்க, இந்தப் பக்கமாப் புடிங்க, வெயில் படுது.

தோள்ல மாட்டியிருக்கற பையில என்னன்னு கேக்கறீங்களா? அது ஒண்ணுமில்லீங்க, அவ நோட்டு. அந்த உயிரக் கவனிச்சு எழுதுனது. மிஸ் திருத்திக் குடுத்திருக்கறாங்க, பெத்தவங்க கையெழுத்து வேணுமாம் திங்கக்கெழமைக்கு. காலைல பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப கோகிலா பையில சொருகி உட்டா. "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. படிச்சுட்டு"ன்னு ரெண்டு தடவை சொன்னா. எறும்பப் பத்திப் படிச்சு நான் என்ன பண்ணப் போறேன்? வேணுன்னா உங்களுக்குக் காட்டறேன், இதுதான் இவங்க சொல்ற ஜாலி. இந்த அட்டையக் கொஞ்சம் வெச்சுக்கங்க. பத்தரம்.

கையெழுத்து குண்டு குண்டா இருக்குது பாருங்க. 'நான் பத்து நாள் கவனித்த உயிர்.' சரி. 'பெயர்: அப்பா.'

இருங்க.

'பெயர்: அப்பா. இருக்கும் இடம்: வெளியில். சாப்பாடு: டீ. சத்தம்: அதிகம். கடிக்காது.' கடிக்காதாம்! என்ன கொழுப்புப் பாத்தீங்களா?

'முதல் நாள். அப்பா குழி வெட்டினார். வேலை செய்யும்போது அப்பா விசில் அடிக்கிறார். வீட்டுக்குள் வந்தால் அடிப்பதில்லை.' நானா? நான் எங்க விசில் அடிச்சேன்? அடிக்கறனா?

'இரண்டாம் நாள். நான் பூசட்டுமா என்று கேட்டேன். தள்ளிப் போ என்றார். வீட்டில் ஒருவர் செய்யும் வேலையைக் கற்றுக்கொள் என்று மிஸ் சொன்னீர்கள். நான் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். பிறகு கரண்டியைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். ஜல்லி குத்துகிறது.' சரியாத்தானுங்க எழுதியிருக்கறா. கீழருந்து மேல. நான் அத யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதே இல்ல.

'ஐந்தாம் நாள். என் அவரைச் செடி செத்துவிட்டது. அப்பா பாவம், நிறையத் தண்ணீர் ஊற்றினார். ஆறாம் நாள். காலையில் அங்கே கத்தரிச் செடி இருந்தது. அப்பா அவரை என்றார். அப்பாவுக்குக் கத்தரிச் செடி தெரியாது. நான் கை தட்டினேன். அப்பாவுக்கு அது பிடித்தது.'

கத்தரியா அது? அந்த நர்சரிக்காரன...

'எட்டாம் நாள். ஜூஸில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டுவிட்டேன். அப்பா போனில் பேசிக்கொண்டே முழுவதும் குடித்துவிட்டு சூப்பர் என்றார்.' ஆமாங்க, சொன்னேன். சூப்பர்னுதான் சொன்னேன்.

'ஒன்பதாம் நாள். அப்பா சைட்டுக்குப் போயிருந்தார். நான் டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் வைத்தேன். கொண்டை வைத்த குருவி வந்தது. இப்போது தினமும் வருகிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் வீடு கட்டிவிடுவார்.'

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. கட்டத்தான் செஞ்சிருப்பேன்.

இன்னும் ஒண்ணுதான் இருக்குது. 'பத்தாம் நாள். அப்பா என் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டார். போட்டு முடித்ததும் ஒரு நோட்டை முகர்ந்து பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். அப்பா மூன்றாம் வகுப்பு முடிக்கவில்லை என்று அம்மா சொன்னார். மிஸ், எனக்குப் பரிசு கொடுத்தால் அதில் அப்பா பெயரை எழுதுங்கள். நான் நாலாம் வகுப்பில் வாங்கிக்கொள்கிறேன்.'

கீழ செவப்பு மையில மிஸ் எழுதியிருக்கறாங்க. 'முதல் பரிசு. நீ சொன்னபடியே.'

...

அந்த அட்டையக் குடுங்க. மடங்கலையே?

தொட்டிக்குக் குடுக்கலீங்க இத. இந்த நோட்டுக்குக் குடுத்திருக்கறாங்க. அவ ஜெயிச்சதுங்க இது. ஜெயிச்சு, என்ற பேரப் போடச் சொல்லிட்டு, அங்க நின்னு கை தட்டியிருக்கறா. நான் மேடையில நின்னுட்டு, வெவரம் பத்தாதுன்னு நெனைக்கறேன். அவளுக்கா? ஏனுங்க, அவளுக்கா வெவரம் பத்தாது?

அழுகை வருதுங்க. பஸ்ஸுல, நாப்பத்தஞ்சு வயசுல. வந்தா வரட்டும், நீங்க யாரோ நான் யாரோ.

ஒரே ஒரு கரண்டி கேட்டாளுங்க. ஒரு கரண்டி பூச்சு. கையில ஒறையப் போட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சுது. ரெண்டு மாசம் பக்கத்துலயே ஒக்காந்திருந்திருக்கறா.

எந்த ஸ்டாப்புங்க இது? இல்ல, எறங்கல. எறங்கிட்டுத் திரும்பிப் போலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. போயி என்ன சொல்லுவேன்? பிரேம் போட்டுட்டே போறேன். நாலு மூலையும் சந்தில்லாம. போனதும் கொல்லைச் செவுத்துல ஒரு எடம் பூசாமக் கெடக்குது, அத அவகிட்ட உட்டுரணும். கோணலாத்தான் வரும். வரட்டும். ரசமட்டத்த எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சுட்டுத்தான் நான் நிக்கணும், இல்லீன்னா கை சும்மா இருக்காது. அந்தக் குருவி விசயம் எனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்கப் போறதில்ல. அது அவகிட்டயே இருக்கட்டும்.

பேனா இருக்குதுங்களா? கையெழுத்துப் போட்டுர்றேன், படிச்சாச்சு.

ஒரு சந்தேகமுங்க. இங்க பாருங்க, பெத்தவங்க கையெழுத்துன்னு கோடு போட்டிருக்குது. மூணாங்கிளாஸ் படிக்கறவன் போட்டாச் செல்லுமுங்களா?